மூக்குச் சீரமைப்பு அறுவையும் குணமாகும் நாள்களும்: ஒரு வரலாறு

மூக்குச் சீரமைப்பு அறுவை என்பது, அறுபட்டோ சிதைந்தோ பிறவியில் கோணியோ போன மூக்கை மீண்டும் வடிவுக்குக் கொண்டுவரும் மருத்துவ முறையாகும். உலக அறுவை மருத்துவ வரலாற்றில் இந்தியாவின் பெயர் மிகுதியாகப் பேசப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று. நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் முறையை இன்றும் உலகெங்கும் 'இந்திய முறை' என்றே மருத்துவ நூல்கள் குறிக்கின்றன.

இதைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அறுவை நடந்த அந்த ஒரு மணி நேரத்தையே விரித்துச் சொல்வார்கள். கத்தி எங்கே பட்டது, தோல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதோடு கதை முடிந்துவிடும். ஆனால், மூலக் குறிப்புகளைப் படித்தால் வேறொன்று தெரியவரும். பழைய மருத்துவர்கள் அறுவைக்குச் சமமாக, சில இடங்களில் அதைவிடக் கூடுதலாக, அதன் பின்னர் வரும் நாள்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார்கள். நோயாளி எத்தனை நாள் மல்லாந்து படுக்க வேண்டும், மூச்சு எதன் வழியே போக வேண்டும், கட்டை எப்போது பிரிக்க வேண்டும் என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. அந்த நாள்களின் வரலாற்றையே இக்கட்டுரை சொல்கிறது.

மூக்கும் மானமும்

தமிழில் அழகைச் சொல்லும்போது 'மூக்கும் முழியுமாக இருக்கிறாள்' என்கிறோம். அவமானத்தைச் சொல்லும்போது 'மூக்கறுபட்டான்', 'மூக்குடைபட்டான்' என்கிறோம். முகத்தின் நடுவில் இருப்பதால், மூக்கு மானத்தின் அடையாளமாகிவிட்டது. அதனாலேயே பழங்காலத்தில் ஒருவரைக் கொல்லாமல் கொல்வதற்கு மூக்கை அறுத்தார்கள்.

காவிரிக் கரைக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள தேரழுந்தூர் கம்பர் பிறந்த ஊர். அவருடைய இராமாயணத்தில், இலக்குவன் சூர்ப்பணகையின் மூக்கை அறுப்பதே இலங்கைப் போருக்கு வித்தாகிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில், திருவாரூர்க் கோயிலில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சி வருகிறது. இறைவனுக்குரிய பூவை எடுத்து முகர்ந்த பல்லவ அரசியின் மூக்கை, மருகல் நாட்டுத் தஞ்சாவூரைச் சேர்ந்த செருத்துணை நாயனார் அரிந்தார் என்பது அந்நிகழ்ச்சி. அரசியின் கணவரான கழற்சிங்கரும் அறுபத்து மூவருள் ஒருவர்.

இவை பக்தி இலக்கியமும் காப்பியமும் ஆகும். இவற்றை மருத்துவச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆயினும், மூக்கறுத்தல் என்பது கேட்டவுடன் மக்களுக்கு விளங்கக்கூடிய தண்டனையாக இருந்தது என்பதற்கு இவை சான்றாகின்றன. மூக்கறுபட்டவர்கள் இருந்த நாட்டில், அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்களும் தோன்றினார்கள்.

மூக்கறுப்புப் போர்

தமிழக வரலாற்றில் ஒரு போருக்கே 'மூக்கறுப்புப் போர்' என்று பெயர் ஏற்பட்டது. மதுரையைத் திருமலை நாயக்கர் (1623–1659) ஆண்ட காலத்தின் இறுதியில், 1650களில், மைசூரின் கந்தீரவ நரசராச உடையாருடைய படை சத்தியமங்கலம் வழியாகத் தமிழகத்துக்குள் புகுந்தது. வழியில் அகப்பட்டவர்களுடைய மூக்குகளை அந்தப் படைவீரர்கள் அறுத்தார்கள். ஆண், பெண், முதியோர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. அறுத்த மூக்குகள் மூட்டையாகக் கட்டி மைசூருக்கு அனுப்பப்பட்டன.

அப்போது திருமலை நாயக்கர் நோயுற்றிருந்தார். இராமநாதபுரம் சேதுபதி படை திரட்டி வந்து மதுரையைக் காத்தார். பிறகு மதுரைப் படை மைசூர் எல்லைக்குள் புகுந்து, அதே கொடுமையை அங்குள்ள மக்கள்மீது செய்தது. இரண்டு பக்கத்திலும் மூக்கிழந்தவர்களில் பெரும்பாலோர் போருக்குச் சம்பந்தமில்லாத குடிமக்கள்.

இச்செய்திகளைத் தருபவர்களுள் ஒருவர், மதுரை மறைப்பணியில் இருந்த புரோயன்சா என்னும் இயேசு சபைத் துறவி. 1659ஆம் ஆண்டுக் கடிதத்தில் அவர் இதை எழுதியுள்ளார். மூக்கோடு மேலுதட்டையும் சேர்த்து அறுத்தார்கள் என்கிறார் அவர். பின்னால் நாம் பார்க்கப்போகும் அறுவை முறையில், புதிய மூக்கின் அடிப்பகுதி மேலுதட்டின் தோலில்தான் பொருத்தப்படுகிறது. உதடும் போய்விட்டவர்களுக்குப் புதிய மூக்கு அமைப்பது மிகக் கடினம். அந்தப் போரின் கொடுமையை இந்த ஒரு குறிப்பிலிருந்தே அளந்துகொள்ளலாம்.

சுசுருத சங்கிதை சொல்வது

மூக்கை மீண்டும் அமைப்பது பற்றிய மிகப் பழைய இந்தியக் குறிப்பு சுசுருத சங்கிதையில் உள்ளது. அந்நூலின் சூத்திர தானம் என்னும் பகுதியில் 16ஆம் அத்தியாயம் இதைக் கூறுகிறது. அந்த அத்தியாயம் மூக்கைப் பற்றித் தொடங்குவதில்லை. குழந்தைகளுக்குக் காது குத்துவதில் தொடங்குகிறது. பிறகு காதுத் துளையைப் பெரிதாக்குவது, பெரிதாக்கும்போது மடல் அறுந்தால் ஒட்டுவது என்று சென்று, இறுதியில்தான் மூக்குக்கு வருகிறது.

இந்த வரிசை நமக்கு எளிதில் விளங்கும். பாம்படமும் தண்டட்டியும் அணிந்த பாட்டிமாரின் காது மடல்கள் தொங்கியதையும் சிலருக்கு அறுந்ததையும் தமிழ்நாட்டில் மூத்த தலைமுறையினர் கண்டிருக்கிறார்கள். அறுந்த காது மடலை ஒட்டத் தெரிந்த கை, அடுத்த படியாக மூக்கை ஒட்ட முயன்றது இயல்பே.

சுசுருதர் சொல்லும் முறை இதுதான். இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த இலையின் அளவுக்குக் கன்னத்திலிருந்து தோலைச் சீவி எடுக்க வேண்டும். அது முழுவதும் அறுந்துவிடாமல் ஒரு பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். மூக்கின் எஞ்சிய பகுதியைக் கீறிப் பச்சைப் புண்ணாக்கி, அதன்மேல் தோலைப் பொருத்திக் கட்ட வேண்டும்.

இங்கே ஒரு திருத்தம் தேவை. சுசுருதர் நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைத்தார் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. நூலில் இருப்பது கன்னம். நெற்றி முறை பிற்காலத்தில் பதிவானது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால், நடுவில் வந்த பல தலைமுறை மருத்துவர்களின் உழைப்பு மறைந்துபோகும்.

அறுவைக்குப் பின் செய்ய வேண்டியவற்றை சுசுருதர் வரிசையாகச் சொல்கிறார். மூச்சு விடுவதற்காக ஆமணக்குத் தண்டுகள் இரண்டை மூக்கினுள் வைத்துத் தோலை உயர்த்த வேண்டும். அதிமதுரம், மரமஞ்சள் சாறு முதலியவற்றாலான பொடியைத் தூவ வேண்டும். வெள்ளைப் பஞ்சால் மூடி, எள் எண்ணெயை அடிக்கடி தெளித்துவர வேண்டும். நோயாளிக்கு நெய் பருகக் கொடுத்து, அது செரித்தபின் பேதிக்குக் கொடுக்க வேண்டும். புண் கூடியபின் குறைந்திருக்கும் இடத்தை வளர்க்கவும், மிகுந்திருக்கும் தசையைச் சமன் செய்யவும் வேண்டும்.

இந்த வரிசையில் நான்கு தேவைகள் அடங்கியுள்ளன. ஒட்டிய தோல் நகராமல் பிடிப்பு இருக்க வேண்டும். மூச்சு வழி அடைபடாமல் இருக்க வேண்டும். புண் காய்ந்து வெடிக்காமல் ஈரப்பசை இருக்க வேண்டும். கடைசியாக, பொறுத்திருந்து திருத்த வேண்டும். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொண்டால், இனி வரும் வரலாறு முழுவதையும் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

மனூச்சி கண்ட மூக்குகள்

நெற்றி முறையைப் பற்றி எழுதியவர்களுள் நிக்கோலோ மனூச்சி குறிப்பிடத்தக்கவர். வெனிசில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்தவர் இவர். 17ஆம் நூற்றாண்டில் பிஜப்பூர்ப் பகுதியில் நடந்த போர்களில் மூக்கறுபட்டவர்களுக்கு உள்ளூர் மருத்துவர்கள் செய்த அறுவையை இவர் விவரித்துள்ளார்.

புருவத்துக்கு மேலுள்ள நெற்றித் தோலை வெட்டிக் கீழே இறக்கி, ஒரு முறுக்கு முறுக்கி, பச்சைத் தசையோடு பச்சைத் தசை சேரும்படி மூக்கின்மேல் வைத்தார்கள். முறுக்கிய இடத்தில், புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு துளை தங்கிவிடும். மூச்சு வருவதற்காக அடியில் ஏதேனும் ஒன்றை வைத்திருப்பார்கள். அப்படி அமைந்த மூக்குகள் முழு நிறைவானவை அல்ல. ஆயினும், மூக்கே இல்லாமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல் என்பது அவருடைய முடிவு. கிட்டத்தட்ட மூக்கறுப்புப் போர் நடந்த தலைமுறையிலேயே தக்காணத்தில் இக்கலை வழக்கில் இருந்ததை இக்குறிப்பு உறுதி செய்கிறது.

கவாசுஜியின் இருபத்தைந்து நாள்கள்

உலகத்தின் கவனத்தை இக்கலையின் பக்கம் திருப்பியவர் ஒரு மாட்டு வண்டிக்காரர். கவாசுஜி என்னும் அவர் மராட்டியர். ஆங்கிலேயப் படைக்கு எருது ஓட்டியவர். 1792இல் முடிந்த மூன்றாம் மைசூர்ப் போரின்போது திப்பு சுல்தானின் படையிடம் அகப்பட்டார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. அந்த நிலையிலேயே ஆங்கிலேயப் படைக்குத் திரும்பிய அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஓய்வூதியம் கொடுத்தது.

ஓராண்டுக்கு மேல் அவர் மூக்கில்லாமல் வாழ்ந்தார். பிறகு, புணேக்கு அருகில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். பம்பாய் மாகாணத்து மருத்துவர்களான தாமஸ் குரூசோ, ஜேம்ஸ் ஃபின்ட்லே இருவரும் இவ்வறுவையை நேரில் கண்டார்கள். ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் கவாசுஜியின் உருவத்தை வரைந்தார். 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் இச்செய்தி படத்துடன் வெளியானது.

செய்முறை வருமாறு. மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கின் அடிக்கட்டையில் பொருத்தி ஒரு மூக்கு வடிவம் செய்தார்கள். அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, சுற்றிலும் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் அடங்கிய தோலை உரித்தார்கள். இரண்டு கண்களுக்கும் நடுவில் மட்டும் ஒரு சிறு பட்டையை அறுக்காமல் விட்டார்கள். தோலை அரைச் சுற்று முறுக்கிக் கீழே கொண்டுவந்து, மூக்கின் அடியிலும் மேலுதட்டிலும் கீறிய வாய்களுக்குள் ஓரங்களைச் செருகினார்கள். மயக்க மருந்து கண்டறியப்படாத காலம் அது.

அதன் பிறகு நடந்தவை நாள் கணக்கோடு பதிவாகியுள்ளன:

முதல் நான்கு நாள்: தண்ணீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணிக் கீற்றுகளில் தடவி, ஐந்தாறு கீற்றுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள். வேறு கட்டு எதுவுமில்லை.

நான்கு நாள் கழிந்தபின்: காசுக்கட்டித் துணியை எடுத்துவிட்டு, நெய்யில் நனைத்த துணியைப் போட்டார்கள்.

முதல் ஐந்தாறு நாள்: நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டும்.

பத்தாம் நாள்: மூக்குத் துளைகள் சுருங்கிவிடாமல் இருக்க மெல்லிய துணித் துண்டுகளை உள்ளே வைத்தார்கள்.

ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள்: கண்களுக்கு நடுவில் விட்டுவைத்த தோல் பட்டையை அறுத்தார்கள். மூக்கின் வடிவம் சரியாக அமைய இன்னும் சிறிது செதுக்கினார்கள்.

காசுக்கட்டி நம் ஊருக்குப் புதியதன்று. கும்பகோணம் வெற்றிலையோடு பாக்கும் சுண்ணாம்பும் காசுக்கட்டியும் சேர்த்துப் போட்டவர்களுக்கு அதன் துவர்ப்பு நன்றாகத் தெரியும். நாக்கைச் சுருக்கும் அந்தத் துவர்ப்புத் தன்மையே கசியும் இரத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. உலர்ந்ததும் கெட்டியாகி, துணியைத் தோலோடு இறுகப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. வெற்றிலைப் பெட்டியில் இருந்த ஒரு பொருள் அறுவைக் கட்டாகப் பயன்பட்டது.

சுசுருதர் வகுத்த நான்கு தேவைகளும் இதிலும் இருப்பதைக் காணலாம். பிடிப்புக்குக் காசுக்கட்டியும் மல்லாந்த படுக்கையும்; மூச்சு வழிக்குத் துணித் துண்டு; ஈரப்பசைக்கு நெய்; பொறுமைக்கு இருபத்தைந்து நாள்.

எதற்காக இருபத்தைந்து நாள்?

நெற்றியிலிருந்து வந்த தோல் மூக்கில் ஒட்டியவுடனேயே அந்தப் பட்டையை அறுத்துவிட்டால் என்ன? தோல் கறுத்து அழுகிவிடும். காரணம் இரத்த ஓட்டம். புதிய இடத்தில் வைக்கப்பட்ட தோலுக்கு முதல் நாள்களில் அங்கிருந்து இரத்தம் கிடைப்பதில்லை. கண்களுக்கு நடுவில் விட்ட பட்டையின் வழியாகவே பழைய இடத்து இரத்தம் வந்துகொண்டிருக்கும். அதற்குள் மூக்கின் அடியிலிருந்தும் உதட்டிலிருந்தும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்து, வந்த தோலுக்குள் நுழையும். அவை போதுமான அளவு வளர்ந்தபிறகே பழைய தொடர்பை அறுக்கலாம்.

இதை நம் தோட்டத்திலேயே பார்க்கலாம். மல்லிகைக்கும் கொய்யாவுக்கும் பதியம் போடும்போது கிளையைத் தாய்ச்செடியிலிருந்து வெட்டுவதில்லை. வளைத்து மண்ணுக்குள் புதைத்து வைக்கிறோம். கிளை தாயிடமிருந்து உணவு பெற்றுக்கொண்டே புதிய மண்ணில் வேர் விடுகிறது. வேர் பிடித்ததை உறுதி செய்துகொண்டு பிறகு வெட்டி எடுக்கிறோம். அவசரப்பட்டு வெட்டினால் கிளை வாடும். புணேயின் செங்கல் குலத்து மருத்துவர் செய்தது முகத்தில் போட்ட பதியம் என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புருவத்தின் உட்புறத்தில் மேலேறிச் செல்லும் ஓர் இரத்தக் குழாயே இந்தப் பட்டைக்கு உயிர் கொடுக்கிறது என்பதைப் பிற்கால உடற்கூற்றியல் விளக்கியது. புற்றுநோய்க் கட்டியை அகற்றியதால் மூக்கின் ஒரு பகுதியை இழந்தவர்களுக்கு இன்றும் நெற்றித் தோல் முறை செய்யப்படுகிறது. பட்டையை வழக்கமாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழித்தே பிரிக்கிறார்கள். நுண்ணோக்கியும் இரத்த ஓட்டக் கருவியும் இல்லாமல், கண்ணாலும் கையாலும் மட்டுமே பார்த்து இருபத்தைந்து நாள் என்று கணித்தவர்களின் பட்டறிவை இது காட்டுகிறது.

மேலை நாடுகளுக்குச் சென்ற வழி

ஐரோப்பாவுக்கு மூக்குச் சீரமைப்பு முற்றிலும் புதியதாக இருக்கவில்லை. இத்தாலியின் பொலோனா நகரத்துக் காஸ்பரே தாக்லியாகோட்சி 1597இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய முறையில் தோல் மேற்கையிலிருந்து எடுக்கப்பட்டது. கைத்தோலின் ஒரு முனையை மூக்கில் தைத்து, மறுமுனையைக் கையிலேயே விட்டுவைத்தார். அதனால், தோல் ஒட்டும்வரை நோயாளி தன் கையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் இருக்க வேண்டியிருந்தது. உண்பதும் உறங்குவதும் அந்த நிலையிலேயே. அவருக்குப் பின் இம்முறை வழக்கொழிந்து போனது.

இந்த ஒப்பீட்டில்தான் நெற்றி முறையின் அருமை விளங்குகிறது. நோயாளியின் இரண்டு கைகளும் கட்டப்படுவதில்லை. ஐந்தாறு நாள் படுக்கைக்குப் பின் அவர் எழுந்து நடமாடலாம். குணமாகும் நாள்களை மனிதர் தாங்கக்கூடியதாக ஆக்கியதே இந்திய முறையின் பெரிய சிறப்பு.

1794இல் வெளியான செய்தியைப் படித்தவர்களுள் இலண்டன் அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூவும் ஒருவர். அவர் இந்தியாவிலிருந்து திரும்பியவர்களிடம் விசாரித்தும், இறந்த உடல்களில் பழகியும் பல ஆண்டுகள் காத்திருந்தார். 1814 அக்டோபர் 23ஆம் நாள், செல்சியில் ஒரு படை அதிகாரிக்கு முதல் அறுவையைச் செய்தார். பாதரசம் கலந்த மருந்தால் மூக்கை இழந்தவர் அவர். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்த்தபோது புதிய மூக்கு உயிரோடு இருந்தது. போரில் வாள் வெட்டால் மூக்கிழந்த மற்றோர் அதிகாரிக்கும் பின்னர் அறுவை செய்தார். 1816இல் இரண்டையும் நூலாக எழுதினார். 1818இல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் வான் கிராஃபே 'ரைனோபிளாஸ்டிக்' என்ற நூலை வெளியிட்டார். கிரேக்க மொழியில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயரே இன்று 'ரைனோபிளாஸ்டி' என்று வழங்குகிறது.

தஞ்சையின் பதிவேடுகள்

கார்ப்யூ இலண்டனில் அறுவை செய்த அதே காலத்தில் தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832). சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த இவர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தையும் நடத்தினார். நம் நாட்டு மருத்துவ முறைகளையும் மேலை மருத்துவத்தையும் அறிந்தவர்கள் அங்கே சேர்ந்து பணியாற்றினார்கள். அங்குத் திரட்டிய மருத்துவ முறைகள் தமிழ்ச் செய்யுள்களாக இயற்றப்பட்டன. 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்ற பெயரில் நூல்களாகவும் பிற்காலத்தில் அச்சாயின.

மன்னருக்குக் கண் மருத்துவத்தில் தனி ஈடுபாடு இருந்தது. கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள் கையால் வரைந்த கண் படங்களோடு சரசுவதி மகாலில் பாதுகாக்கப்பட்டுள்ளன. நோயாளி எந்த நிலையில் வந்தார், என்ன செய்யப்பட்டது, பிறகு எப்படி இருந்தார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

இது கண் பற்றிய பதிவு, மூக்கு பற்றியதன்று. எனினும், நம் வரலாற்றுக்கு இது முக்கியமானது. புணேயில் கவாசுஜிக்கு மூக்கு அமைத்தவரின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்ற மருத்துவர்களின் பெயர் இருக்கிறது. படம் வரைந்தவரின் பெயர் இருக்கிறது. அறுவை செய்தவரின் குலம் மட்டுமே இருக்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகச் சென்ற கலை, எழுத்தில் ஏறாததால் பெயரின்றிப் போனது. அதை எழுதி, அச்சிட்டு, படம் போட்டவர்களின் கையில் அது உலகக் கலையானது. தஞ்சையில் குணமாகும் நாள்களையும் எழுதிவைத்த பழக்கம் எவ்வளவு அரியது என்பது இப்போது விளங்கும்.

இன்று மூக்கு அறுவை செய்துகொள்பவர் எதிர்பார்க்க வேண்டியவை

இன்று மூக்கில் செய்யப்படும் அறுவைகள் பலவகை. நடுத்தண்டு வளைந்து மூச்சு அடைப்பவர்களுக்கு அதை நேராக்குவது ஒன்று. சைனஸ் அறைகளை உள்நோக்கிக் கருவி கொண்டு திறப்பது ஒன்று. விபத்தில் உடைந்த எலும்பைச் சீராக்குவதும், வெளி வடிவத்தைத் திருத்துவதும் வேறு. தஞ்சாவூரில் 1959இல் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரி உட்பட, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருப்பதால், ஏழை எளியவர்களும் இச்சிகிச்சையைப் பெறமுடிகிறது. கீழே தரப்படுவது பொதுவான நிலவரம். ஒவ்வொருவருக்கும் அவரவர் மருத்துவர் சொல்வதே முடிவு.

முதல் இரண்டு நாள்: மூக்கினுள் அடைப்பு வைத்திருந்தால் வாயால்தான் மூச்சு விட வேண்டியிருக்கும். நாக்கும் தொண்டையும் வறண்டுபோகும். சிறிது சிறிதாகத் தண்ணீர் குடிக்கலாம். இரத்தம் கலந்த நீர் கசிவது வழக்கம். கவாசுஜியைப் போலத் தட்டையாக மல்லாந்து படுக்கச் சொல்வதில்லை. இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்கிறார்கள். இதனால் வீக்கமும் கசிவும் குறையும். எலும்பில் வேலை செய்திருந்தால் கண்ணைச் சுற்றி வீங்கிக் கருநீலமாகும். இரண்டாம் மூன்றாம் நாளில் இது மிகுந்து, பிறகு வடியும். கண்ணாடியைப் பார்த்துப் பதற வேண்டாம்.

முதல் வாரம்: மூக்கு அடைத்தது போலவே இருக்கும். 'அறுவை செய்தும் மூச்சு வரவில்லையே' என்று பலர் மனம் தளர்வது இந்த வாரத்தில்தான். உள்ளே வீக்கமும் உலர்ந்த இரத்தப் பொருக்குகளும் இருப்பதே காரணம். மருத்துவர் சொன்னபடி உப்பு நீரை மூக்கில் தெளித்துவந்தால் பொருக்கு இளகும். சுசுருதர் தெளித்த எள் எண்ணெயின் இடத்தில் இப்போது உப்பு நீர் இருக்கிறது. உள்ளே வைத்த சிலிக்கான் தகட்டையும் மேலே போட்ட உறையையும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் எடுப்பார்கள்.

இரண்டாம் வாரம்: மூக்கைச் சிந்தக் கூடாது. 'மூக்கு உள்ள மட்டும் சளி உண்டு' என்பது பழமொழி. ஆனாலும் இரண்டு வாரம் அதைத் துடைத்துக்கொள்ள வேண்டுமே தவிரச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து பளு தூக்குதல், நெல் மூட்டை சுமத்தல், தண்ணீர்க் குடம் எடுத்தல் ஆகியவற்றை இரண்டு மூன்று வாரம் தவிர்க்க வேண்டும். ஆற்றிலும் குளத்திலும் மூழ்கிக் குளிப்பதை மருத்துவர் அனுமதிக்கும் வரை விட்டுவிட வேண்டும். அறுவடைக் காலமாக இருந்தால், நெல் தூற்றும் களத்துப் பக்கம் போகக் கூடாது. மூக்குப்பொடியும் புகையும் கூடவே கூடாது.

அதற்குப் பிறகு: எலும்பு சீராக்கப்பட்டவர்கள் மூக்குக் கண்ணாடியின் பாரம் மூக்கில் விழாமல் சில வாரங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்குத்தியை எப்போது மீண்டும் அணியலாம் என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மூக்கு நுனியில் மரத்த உணர்வு சில மாதம் இருக்கலாம். குழம்பு தாளிக்கும் வாசனை தெரியவில்லை என்று கவலைப்படுவோருக்கு, வீக்கம் வடிய வடிய அது பெரும்பாலும் திரும்பிவிடும். வெளி வடிவம் திருத்தியவர்களுக்கு நுனி வீக்கம் முழுவதும் வடிய ஓராண்டு ஆகலாம். ஆகவே, ஒரு மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து முடிவு கட்டுவது சரியன்று.

சில அறிகுறிகளைக் கண்டால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: நிற்காத இரத்தப் போக்கு, காய்ச்சல், சீழ் அல்லது கெட்ட நாற்றம், நாளுக்கு நாள் கூடும் வலியும் வீக்கமும், தண்ணீர் போலத் தெளிவாக ஒழுகும் நீர், கடுமையான தலைவலி, பார்வை மங்குதல். இரத்தம் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்புறம் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும்.

முடிவுரை

ஆமணக்குத் தண்டு, காசுக்கட்டித் துணி, சிலிக்கான் தகடு எனப் பொருள்கள் மாறிவந்திருக்கின்றன. பிடிப்பு, மூச்சு வழி, ஈரப்பசை, பொறுமை என்ற நான்கும் மாறவில்லை. முதல் மூன்றையும் மருத்துவரும் செவிலியரும் அமைத்துக் கொடுப்பார்கள். நான்காவதை நோயாளியும் அவர் வீட்டாரும்தான் கொடுக்க வேண்டும்.

'ஆறின புண்ணிலும் அசடு நிற்கும்' என்பார்கள். கவாசுஜியின் நெற்றியிலும் ஒரு தழும்பு நின்றது; நாளடைவில் அது கண்ணுக்கு அவ்வளவாகப் படவில்லை என்று அந்த இதழ் எழுதியது. போரில் மானத்தோடு சேர்த்து அறுக்கப்பட்ட ஒரு முகத்தை, பெயர் தெரியாத ஒரு செங்கல் தொழிலாளர் இருபத்தைந்து நாளில் திருப்பிக் கொடுத்தார். மூக்கறுப்புப் போரைப் பாடத்தில் படிக்கும் மாணவர்கள், மூக்கை ஒட்டவைத்த இந்த மனிதரையும் அதே பக்கத்தில் சேர்த்துப் படிக்க வேண்டும்.